பெட்ரோல் நிலையங்களுக்கு அடியில் குடிநீர்: பெங்களூரு எழுப்பும் கேள்வி

பெங்களூரு நகரம் 2024ஆம் ஆண்டுக் கோடையில் குடிநீருக்குத் தவித்தபோது, கர்நாடக அரசு வெளியிட்ட கணக்கு ஒன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. நகரில் உள்ள சுமார் 14 ஆயிரம் ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 கிணறுகள் வறண்டுவிட்டதாக முதல்வர் சித்தராமையா தெரிவித்தார். நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் தேவைப்படும் நகருக்குக் காவிரியிலிருந்து 147 கோடி லிட்டரும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து 65 கோடி லிட்டரும் கிடைப்பதாகவும், சுமார் 50 கோடி லிட்டர் பற்றாக்குறை நிலவுவதாகவும் அவர் கூறினார்.

வறண்ட கிணறுகளைப் பற்றிச் சட்டப்பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் தெருமுனைகளிலும் விவாதம் நடந்தது. வறளாமல் எஞ்சிய கிணறுகளில் ஊறும் நீர் எத்தகையது என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. கழிவுநீரால் பெருகும் நைட்ரேட், ஏரிகளில் பொங்கும் நுரை, பெல்லந்தூர் ஏரியில் பற்றிய தீ ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த கேடுகள் என்பதால் செய்தியாயின. நகரின் ஒவ்வொரு முக்கியச் சாலையிலும் இருக்கும் பெட்ரோல் நிலையங்களின் தரைக்கடியில் புதைந்துள்ள எரிபொருள் தொட்டிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றிலிருந்து கசிவு ஏற்பட்டால் அது முதலில் சேருமிடம் மண். அடுத்துச் சேருமிடம் நிலத்தடி நீர்.

நாடு முழுவதும் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றுக்கான விதிகள் தில்லியில் வகுக்கப்படுகின்றன. உரிமம் வழங்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாகபுரியில் உள்ளது. தண்ணீரைக் குடிப்பவர்களோ பெங்களூரு, சென்னை, கோவை போன்ற நகரங்களின் மக்கள். இந்த மூன்றுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இந்தப் பிரச்சினையின் மையம்.

ஒரு டிகிரி வெப்பத்தில் மறையும் கசிவு

பெட்ரோல் நிலையத்தின் தொட்டி பொதுவாக எஃகினால் ஆனது. குழி தோண்டி, மணல் நிரப்பி, அதற்குள் புதைக்கப்படுகிறது. ஈரமும் உப்பும் கலந்த மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் எஃகு துருப்பிடிப்பது இயல்பு. ஆயினும் தொட்டியின் உடலைக் காட்டிலும் குழாய் இணைப்புகளும், டேங்கர் லாரியிலிருந்து எரிபொருளை இறக்கும் வாய்ப்பகுதியும் கசிவுக்கு அதிகம் இடம் தருபவை. பம்பு அழுத்தம் கொடுத்து எரிபொருளைத் தள்ளும் குழாயில் விரிசல் விட்டால், நிலையம் இயங்கும் நேரமெல்லாம் எரிபொருள் மண்ணுக்குள் பாயும்.

இருப்புக் கணக்கைக் கொண்டு கசிவைக் கண்டுபிடித்துவிட முடியாதா என்ற கேள்வி எழுவது இயற்கை. அளவுகோலை இறக்கி மட்டம் பார்ப்பதும், விற்பனையோடு ஒப்பிடுவதும் நிலையங்களில் அன்றாடம் நடைபெறும் வேலைகளே. பல நிலையங்களில் தானியங்கி அளவீட்டுக் கருவிகளும் பொருத்தப்பட்டுள்ளன. பெரிய கசிவை இவை காட்டிக்கொடுக்கும். சிறிய கசிவு தப்பிவிடும்.

அமெரிக்க அரசு விதிகளின்படி, மாதாந்திரச் சோதனைக் கருவி ஒன்று மணிக்கு 0.2 காலன், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் கசிவைக் கண்டறிய வல்லதாக இருக்க வேண்டும். இந்த அளவில் கசிந்தால் நாளொன்றுக்கு சுமார் 18 லிட்டர். ஆண்டுக்கு 6,600 லிட்டர். ஆனால் 20 ஆயிரம் லிட்டர் பெட்ரோல் நிரம்பிய தொட்டியில் வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே பெட்ரோலின் கன அளவு ஏறத்தாழ 19 லிட்டர் கூடும் அல்லது குறையும். ஆவியாதலும் அளவுப் பிழையும் வேறு. ஆகவே ஒரு முழு நாள் கசிவு, ஒரு டிகிரி வெப்ப மாற்றத்தின் கணக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியும். பல ஆண்டுகள் கழித்துப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை வரும்போதுதான் பலர் விழித்துக்கொள்கின்றனர்.

பென்சீனுக்கு வரம்பு இல்லாத குடிநீர்

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது என்பதால், நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் மிதக்கும். மிதப்பதை இறைத்து எடுக்க வழியுண்டு. தண்ணீரில் கரைந்துவிடும் பகுதியே பெருந்தொல்லை. பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகியவை அவ்வாறு கரைபவை. இவற்றில் பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையில் சேர்த்துள்ளது. ரத்தப் புற்றுநோயுடன் அதற்குள்ள தொடர்பு மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்று.

குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அமெரிக்காவில் இந்த வரம்பு 5 மைக்ரோகிராம். இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் அதிகபட்சமாக 1 சதவீதம் பென்சீன் இருக்கலாம். அந்த அளவு பென்சீன் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஏறத்தாழ 8.8 கிராம். அது முழுவதும் நீரில் கலந்தால், சுமார் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்குக் கொண்டுபோய்விடும். 12 ஆயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 73 நிரம்பும் அளவு அது. நடைமுறையில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும். என்றாலும் அபாயத்தின் அளவை உணர இந்தக் கணக்கு போதும்.

பென்சீனைப் பொறுத்தவரை, நாவும் மூக்கும் காவல் காக்க மாட்டா. மனிதர் அதன் சுவையை உணரத் தொடங்கும் நிலையில், அது பாதுகாப்பு வரம்பைப் பல மடங்கு கடந்திருக்கும். ஆய்வகத்தில் மட்டுமே அதைக் கண்டறிய இயலும். அதற்கும் தனிப் பக்குவம் வேண்டும். மாதிரி எடுக்கும் குப்பியில் காற்றுக்கு இடமே இல்லாதபடி நீரை நிரப்பி, குளிர்ச்சியில் வைத்து எடுத்துச்செல்ல வேண்டும். வழக்கமான பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து வெயிலில் கொண்டுபோனால் பென்சீன் வழியிலேயே ஆவியாகி, தண்ணீர் 'தூய்மையானது' என்ற சான்று கிடைத்துவிடும்.

இந்திய விதிமுறைகளில் ஒரு வினோதம் உண்டு. 2009 நவம்பரில் வெளியான தேசியக் காற்றுத் தர அளவுகோல்களில், ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருக்கக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. ஆனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2012இல் திருத்தி வெளியிட்ட குடிநீர்த் தரப் பட்டியலில், கனிம எண்ணெய்க்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற பொதுவான வரம்பு இருந்ததே தவிர, பென்சீனுக்கெனத் தனி வரம்பு இடம்பெறவில்லை. சுவாசிக்கும் காற்றில் எண்ணப்படும் நஞ்சு, குடிக்கும் நீரில் எண்ணப்படாமல் விடப்பட்டது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் தர அறிக்கைகளில் முதன்மையாக இடம்பெறுபவையும் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், யுரேனியம், இரும்பு, உப்புத்தன்மை ஆகியவையே. தேடாத பொருள் கிடைப்பதில்லை.

பாறை நகரின் தனிச் சிக்கல்

பெட்ரோல் நிலையத்தைச் சுற்றிச் சிறு கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, நீரை அவ்வப்போது சோதிப்பது மேலை நாடுகளில் நன்கு அறியப்பட்ட முறை. இதை அப்படியே பெங்களூருவுக்குக் கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்க விதிகளிலேயே, கசிவைக் கண்டறியும் முறையாக நிலத்தடி நீர்க் கண்காணிப்பை ஏற்பதற்கு நிபந்தனைகள் உண்டு. நீர்மட்டம் தரையிலிருந்து 20 அடிக்குள் இருக்க வேண்டும். மண், நீரை எளிதில் கடத்தும் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும்.

பெங்களூரு வேறு வகை நிலம். மேலே செம்மண்ணும் சிதைந்த பாறையும்; அதன் கீழே நைஸ், கருங்கல் பாறைகள். அந்தப் பாறைகளின் வெடிப்புகளில்தான் தண்ணீர் தங்குகிறது. மேலடுக்கு நீர் பல இடங்களில் வற்றிவிட்டதால், ஆயிரம் அடியையும் தாண்டிக் கிணறுகள் துளையிடப்படுகின்றன. பெங்களூரு நகர மாவட்டத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 'அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட' பகுதியாக வகைப்படுத்தியுள்ளது.

வெடிப்புகளின் வழியே இறங்கும் எரிபொருள் எந்தத் திசையில் போகும் என்று கணிப்பது கடினம். நிலையத்தை ஒட்டிய கிணறு தப்பிவிடலாம், சில தெருக்கள் தள்ளியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் கிணறு பாதிக்கப்படலாம். சரியாக அடைக்கப்படாத பழைய ஆழ்துளைக் கிணறு ஒவ்வொன்றும், மேல்மண்ணின் அழுக்கை அடியாழத்துக்கு இட்டுச்செல்லும் குழாயாக மாறக்கூடும். வறண்டுபோன ஆயிரக்கணக்கான கிணறுகள் இந்த வகையிலும் கவலைக்குரியவை.

ஆகவே பெங்களூருவுக்கு ஏற்ற கண்காணிப்பு, தண்ணீரிலிருந்து தொடங்காமல் தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். இரட்டைச் சுவர்த் தொட்டிகளில், இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட வெளியில் உணர்கருவி பொருத்தப்படும். உட்சுவர் கசிந்தால், எரிபொருள் மண்ணைத் தொடுமுன் எச்சரிக்கை கிடைத்துவிடும். தொட்டிக் குழியின் மண்ணிடுக்கில் உள்ள ஆவியைச் சோதிப்பது இரண்டாவது அரண். சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளை ஆய்வகத்தில் சோதிப்பது மூன்றாவது. ஏரிகளை ஒட்டியுள்ள, நீர்மட்டம் மேலாக இருக்கும் பகுதிகளில் மட்டும் கண்காணிப்புக் கிணறு முதன்மைக் கருவியாகப் பயன்படும்.

மழைநீர் சேகரிப்பும் இதில் சேர்த்து எண்ணத்தக்கது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2009இல் பெங்களூரு குடிநீர் வாரியச் சட்டம் திருத்தப்பட்டது. ஊறுகிணறுகள் தோண்டி மேலடுக்கு நீரை மீட்கும் முயற்சி நகரில் பரவியுள்ளது. பாராட்டத்தக்க முயற்சி அது. ஆனால் மேலடுக்கு நீர் உயர உயர, அதற்கும் புதைந்த தொட்டிகளுக்கும் இடையே உள்ள தூரம் குறையும். எண்ணெய் சிந்திய தரையில் ஓடும் மழைநீர் ஊறுகிணற்றுக்குள் போனால், சேமிப்பே மாசுக்கு வழி திறந்துவிடும்.

தில்லியின் விதிகளும் மாநிலத்தின் கைகளும்

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டமும், அதன் கீழ் 2002இல் வகுக்கப்பட்ட விதிகளும் பெட்ரோல் நிலையங்களை ஆள்கின்றன. இவற்றின் முதல் நோக்கம் தீயையும் வெடிப்பையும் தடுப்பது. நிலத்தடி நீர் அந்தச் சட்டத்தின் இதயத்தில் இல்லை. தண்ணீர் மாசைத் தடுக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிடம் பொறுப்பைத் தந்தது. தொட்டி ஒரு சட்டத்திலும் தண்ணீர் மற்றொரு சட்டத்திலும் அடங்கியதால், இரண்டும் சந்திக்கும் இடம் நெடுங்காலம் யாருக்கும் உரியதாக இல்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீட்டை அடுத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7ஆம் தேதி புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பள்ளிகள், 10 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனைகள், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் புதிய நிலையங்கள் அமையக் கூடாது என்றும், இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்புடன் இயங்கலாம் என்றாலும் எந்நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் அவை கூறின. தொட்டிகளின் காப்பு, கசிவைத் தெரிவிக்கும் கடமை, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீர்செய்யும் பொறுப்பு ஆகியவையும் அவற்றில் பேசப்பட்டன.

தூர விதி புதிய நிலையங்களுக்குரியது. பெங்களூருவின் பழைய பகுதிகளில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஏற்கெனவே இயங்கிவரும் நிலையங்களின் நிலை வேறு. வயதான தொட்டியில்தான் கசிவுக்கு வாய்ப்பு மிகுதி என்பதால், விதி வலுவாக இருக்க வேண்டிய இடத்தில் தளர்ந்திருக்கிறது.

பெட்ரோல் நிலையம் தொடங்கவும் இயக்கவும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2021இல் உத்தரவிட்டது. எண்ணெய் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. பெட்ரோல் ஆவியை மீட்கும் கருவிகள் பொருத்துவதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், அந்த ஒப்புதல் நிபந்தனையை 2023இல் ஏற்கவில்லை. இதனால் மத்திய அமைப்புகளின் உரிமமே முதன்மையான கடிவாளமாக நீடித்தது. தன் மண்ணில் என்ன புதைந்துள்ளது, அது எத்தனை ஆண்டுப் பழமையானது என்று கேட்கும் உரிமை மாநிலங்களுக்கு எந்த அளவு உண்டு என்பது கூட்டாட்சி சார்ந்த கேள்வி.

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை முதன்முறையாக அறிவிக்கை செய்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் அடையாளம் காட்ட வேண்டும். மாநில வாரியம் குறித்த காலத்துக்குள் ஆய்வு செய்ய வேண்டும். மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை, வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியதைத் தமிழக வாசகர்கள் அறிவர். பெங்களூருவில் 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு மேல் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் அமைந்தது. புதிய விதியும் புதிய உள்ளாட்சியும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்துள்ளன. கணக்கெடுப்பைத் தொடங்க இதைவிட ஏற்ற தருணம் அமையாது.

தண்டையார்பேட்டையும் சுன்னாகமும்

கசிவு வெறும் ஊகம் என்று கருதுவோருக்கு வடசென்னை பதில் சொல்லும். தண்டையார்பேட்டையில் 2013இல் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குக்குச் செல்லும் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று தெரியவந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வழக்கை விசாரித்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் இந்துமதி நம்பி தலைமையிலான குழு, நிலத்தடியில் எண்ணெய் பரவியதை ஆராய்ந்து சீரமைப்புப் பணியில் ஈடுபட்டது. கசிவை நிறுத்துவது சில நாள் வேலை. மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் எண்ணெயை வெளியேற்றுவது ஆண்டுக்கணக்கான வேலை என்பதை அந்தப் பகுதி மக்கள் அனுபவத்தில் கண்டனர்.

குழாயும் தொட்டியும் வேறு என்றாலும், கண்டறியப்பட்ட விதம் ஒன்றே. கருவி சொல்லவில்லை, அதிகாரி சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்த குடும்பத் தலைவிகளே முதலில் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தை ஒட்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த புகார், 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் மக்கள் போராட்டமாக வளர்ந்தது. ஆறுகள் இல்லாத குடாநாட்டுக்குக் கிணறே உயிர். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இலங்கை மதிப்பில் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு நார்த்தர்ன் பவர் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அங்கு சுண்ணாம்புப் பாறை. இங்கு கருங்கல் பாறை. நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தபின் நீதிமன்றம் தரக்கூடியது இழப்பீடு மட்டுமே, கிணறு அன்று என்பது இரண்டுக்கும் பொது.

இரண்டு சிலிக்கான் பள்ளத்தாக்குகள்

இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பெங்களூரு பெருமை கொள்கிறது. அசலான சிலிக்கான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் மின்னணு ஆலையில் புதைக்கப்பட்டிருந்த கரைப்பான் தொட்டி கசிந்து, குடிநீர்க் கிணறு மாசடைந்தது 1981இல் தெரியவந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். 1983இல் அந்த வட்டாரத்திலும் கலிபோர்னியா மாநிலத்திலும் நிலத்தடித் தொட்டிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய அளவில் சட்டம் இயற்றியது. 1988இல் விரிவான விதிகள் வந்தன. பழைய தொட்டிகளை மாற்றவோ மேம்படுத்தவோ மூடவோ 1998 டிசம்பர் வரை பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது.

தேடத் தொடங்கியபின் வெளிப்பட்ட எண்ணிக்கை அந்நாட்டையே திகைக்க வைத்தது. இதுவரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் அங்கு உறுதி செய்யப்பட்டுள்ளன. சீரமைப்புச் செலவுக்காக ஒரு காலன் எரிபொருளுக்கு 0.1 சென்ட் வீதம் வசூலித்து 1986இல் தனி நிதியம் அமைக்கப்பட்டது.

சாண்டா மோனிகா நகரின் கதை பெங்களூருவுக்கு இன்னும் நெருக்கமானது. பெட்ரோலில் கலக்கப்பட்ட எம்டிபிஇ என்ற சேர்மம், தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிந்து நகரின் கிணறுகளில் கலந்ததால், 1996இல் அவை மூடப்பட்டன. நகரின் குடிநீரில் ஏறத்தாழ பாதி ஒரேயடியாக நின்றுபோனது. தன் கிணற்றை இழந்த நகரம், தொலைதூர ஆறுகளின் நீரை விலைக்கு வாங்கியது. முதன்மைக் கிணறுகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின.

கிணறு கெட்டால் ஆறு தேவைப்படும்

தமிழகத்துக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்போர், 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய காவிரித் தீர்ப்பை நினைவுகூர வேண்டும். பெங்களூருவின் குடிநீர்த் தேவையில் பாதி நிலத்தடி நீரிலிருந்து கிடைக்கும் என்றும், நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகைக்குள் வருகிறது என்றும் கொண்டு, காவிரி நடுவர் மன்றம் 2007இல் கர்நாடகத்தின் குடிநீர்ப் பங்கைக் கணித்தது. உச்ச நீதிமன்றம் அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. பெங்களூருவின் குடிநீருக்கென 4.75 டிஎம்சி உள்பட கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி கூடுதலாக ஒதுக்கப்பட்டது. பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய அளவு 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. தமிழகத்தின் டெல்டாவில் உள்ள நிலத்தடி நீரில் 10 டிஎம்சியை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

பெங்களூருவின் நிலத்தடி நீர் குறையக் குறையக் காவிரியின் மீதான சுமை கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டரை நகருக்குக் கொண்டுவரும் திறன் படைத்தது. நகரின் கழிவோ விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரிக்கும், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணைக்கும் வருகிறது. ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைக் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் நன்கறிவர். மேலே உள்ள நகரம் தன் கிணறுகளைக் காப்பது, கீழே உள்ள மாநிலத்தின் நலனோடு பிணைந்தது.

எத்தனால் தரும் புதிய அவசரம்

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் மோடி 2023 பிப்ரவரியில் அறிமுகம் செய்த நகரமும் பெங்களூருவே. அது நாடு முழுவதும் பரவியுள்ளது. கரும்பு விவசாயிகளுக்கும் அந்நியச் செலாவணிக்கும் அதனால் நன்மை உண்டு என்பது அரசின் வாதம். தொட்டிகளைப் பொறுத்தவரை இரண்டு விளைவுகள் கவனிக்கத்தக்கவை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது; தொட்டிக்குள் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கி, உலோகத்தை அரிக்க வழியுண்டு. மண்ணில் கசிந்தபின், நுண்ணுயிர்கள் பென்சீனை விட்டுவிட்டு எத்தனாலையே முதலில் உண்கின்றன; மண்ணிலுள்ள ஆக்சிஜனும் அதற்கே செலவாகிவிடுகிறது. அதனால் பென்சீன் நெடுநாள் நீடித்து, நெடுந்தூரம் பரவ முடியும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எரிபொருள் மாறியது, அதைத் தாங்கும் பழைய தொட்டிகளும் குழாய்களும் அதற்கேற்பச் சோதிக்கப்பட வேண்டாமா என்பது நியாயமான கேள்வி.

செய்யக்கூடியவை

நிலையத்தை நடத்தும் முகவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதால் பயனில்லை. பெரும்பாலான இடங்களில் தொட்டியும் பம்பும் எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. கசிந்து போகும் ஒவ்வொரு லிட்டரும் முகவருக்கும் இழப்பே. ஆனால் கசிவைத் தெரிவித்தால் நிலையம் மூடப்படும், வருமானம் நிற்கும் என்ற அச்சம் வாயை அடைக்கும். உண்மையைச் சொல்பவருக்கு இழப்பு நேராதபடி விதி அமைந்தால்தான் கசிவுகள் வெளிச்சத்துக்கு வரும்.

முதல் தேவை ஒரு பட்டியல். எந்த நிலையத்தில் எத்தனை தொட்டிகள், எந்த ஆண்டு புதைக்கப்பட்டவை, ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, அருகே எத்தனை குடிநீர்க் கிணறுகள் உள்ளன என்ற விவரங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மூடப்பட்ட நிலையங்களும் அதில் இடம்பெற வேண்டும். நிலத்தின் விலை ஏறும் நகரில், பழைய நிலையம் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுமுன் மண்ணைச் சோதிப்பது கட்டாயமாக வேண்டும். பழைய ஒற்றைச் சுவர்த் தொட்டிகளை மாற்றக் கால எல்லை வகுக்க வேண்டும். குடிநீர்த் தரப் பட்டியலில் பென்சீனுக்கு வரம்பு விதித்து, பெட்ரோல் நிலையங்களை அடுத்துள்ள பொதுக் கிணறுகளிலும், தண்ணீர் லாரிகள் நிரப்பும் கிணறுகளிலும் அதைச் சோதிக்க வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் விடையுண்டு. நாட்டில் 2023-24ஆம் ஆண்டில் சுமார் 3.7 கோடி டன் பெட்ரோல் விற்பனையானது. லிட்டருக்கு ஒரே ஒரு பைசா ஒதுக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி ரூபாய் சேரும். டீசலையும் சேர்த்தால் 150 கோடியைத் தாண்டும். எரிபொருள் மீது மத்திய அரசு பல பெயர்களில் செஸ் வசூலிக்கிறது. அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. அந்தத் தொகையில் ஒரு சிறு பகுதியை, எரிபொருளால் கெடக்கூடிய தண்ணீரைக் காக்க மாநிலங்களிடம் ஒப்படைப்பது புதுச் சுமையாகாது.

சாலை விபத்தையும் தீ விபத்தையும் போலக் கசிவுக்கு ஓசையில்லை. பெங்களூரு போன்ற நகரில் தண்ணீர் பற்றாக்குறை பற்றிய ஒவ்வொரு கூட்டத்திலும், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கோடு எவ்வளவு தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்ற கணக்கும் மேசைக்கு வர வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் பொறுப்பு கர்நாடக சட்டப்பேரவைக்கு மட்டும் உரியதன்று. விதிகள் வகுக்கப்படும் நாடாளுமன்றத்தில் காவிரி நீரைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா மாநிலங்களின் உறுப்பினர்களும் எழுப்ப வேண்டிய கேள்வி அது.